தாடிக்காரர் நாவலில் ஒரு குழந்தை

"இந்த வாரமும் அந்தக் குழந்தையைப் பத்தித்தாங்க போட்டிருக்கான்" என்றாள் மனைவி, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை மேசையில் விரித்தபடி.

எழுத்தாளர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். ரேஸர் கன்னத்திலேயே நின்றது.

"படிக்காதே."

"'அந்தக் குழந்தை ஒரு தலைமுறையின் குற்ற உணர்ச்சி.' அடேங்கப்பா! எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க!"

"படிக்காதேங்கறேன்ல?"

கத்திய கத்தலில் கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தது. மனைவி பஞ்சு எடுத்துக்கொண்டு வந்தாள். பேப்பரையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தாள்.

மனிதர் வயிறு எரிவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய புது நாவலும் தாடிக்காரருடைய புது நாவலும் ஒரே பதிப்பாளரிடம், ஒரே அச்சகத்தில், ஒரே வாரத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வெளிவந்தவை. ஒன்றை ஊரே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது. இன்னொன்றை ஏனென்று கேட்க நாதியில்லை. தூக்கி வைத்துக்கொண்டது எதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தாடிக்காரர் நாவலின் நடுவே ஒரு குழந்தை வருகிறதாம். கொஞ்சப் பக்கங்கள்தான். வந்து போய்விடுகிறதாம். ஒரு விமர்சகர் அதை மனசாட்சி என்றார். இன்னொருவர் காலம் என்றார். மூன்றாவது ஆள், கதாநாயகன் வாழாமல் விட்ட வாழ்க்கையே குழந்தை உருவில் வருகிறது என்று அரைப் பக்கம் எழுதினார். அந்தக் குழந்தை வந்து என்னதான் செய்கிறது என்று ஒருத்தராவது எழுதினாரா? மூச்!

தாடிக்காரரிடமே ஒரு பேட்டியில் கேட்டார்கள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அதை வாசகர்கள்தான் சொல்லணும்" என்று முடித்துக்கொண்டார்.

"திமிரைப் பாத்தியா? தெரிஞ்சும் சொல்ல மாட்டானாம்!" என்று எழுத்தாளர் அன்று முழுக்கப் பொருமினார். அந்தப் புத்தகத்தைக் கையால் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனார். பகலில் அவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. நாற்காலியில் உட்காருவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

"உங்க ஃப்ரெண்டு நாவலைப் படிச்சேன் சார். அந்தக் குழந்தை கையில ஒரு..."

"போதும் சார்!" எழுத்தாளர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "யாரும் எனக்குக் கதை சொல்ல வேண்டாம்!"

"சரிதான், நீங்களே படிச்சு ரசிக்கணும்ங்கறீங்க" என்று மெச்சிக்கொண்டு போனார் மேனேஜர். எழுத்தாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மதியமே பத்திரிகைக்கு ஒரு காட்டமான கடிதம் எழுதினார். அந்தக் குழந்தை நாவலுக்கு ஒட்டாத சதை, வெட்டி எறிந்தால் நாவல் பிழைக்கும் என்று எழுதி, 'நடுநிலை வாசகர்' என்று கையெழுத்துப் போட்டார். நடுநிலை! கையெழுத்துப் போடும்போது அவருக்கே கொஞ்சம் கூசியிருக்க வேண்டும்.

கடிதம் வெளிவந்ததும் வந்தது வினை. குழந்தைக்கு ஆதரவாக ஒரு கூட்டம், எதிராக ஒரு கூட்டம். எதிரானவர்களும் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுத்தானே எதிர்க்க வேண்டும்? விற்பனை எகிறியது.

பதிப்பாளர் போன் செய்தார். "சார், அந்தக் கடுதாசி நீங்க எழுதினதா?"

"நான் ஏன் எழுதறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

"யார் எழுதியிருந்தாலும் சரி, அந்தக் குழந்தையை மட்டும் விட்டுடச் சொல்லுங்க சார். ரெண்டாம் பதிப்பு வரட்டும், எல்லாம் சரியாயிடும்."

"என்னது, ரெண்டாம் பதிப்பா? அவனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான் சார்..."

எழுத்தாளர் போனை வைத்துவிட்டார். தன் நாவல் முதல் பதிப்பே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, இதில் கேலி வேறு. பதிப்பாளரும் தாடிக்காரர் கட்சிதான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

இனி ஒரே வழி, எதிரியின் கோட்டையை உள்ளே புகுந்து பார்ப்பது. தான் தொடக் கூடாது, ஆனால் மனைவி தொடலாமே! அவளோ கறாரான வாசகி. இத்தனை வருஷத்தில் அவர் எழுதிய எதையும் பாராட்டியவளில்லை. புது நாவலைப் படித்துவிட்டுக்கூட, "நடுவுல திடீர்னு ஒரு கோர்ட்டு வருதே, அது எதுக்குங்க?" என்றுதான் கேட்டாள்.

"கோர்ட்டா? என் கதையில ஏது கோர்ட்டு? தூக்கக் கலக்கத்துல படிச்சிருப்பே" என்று அவளை அடக்கிவிட்டார். எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அச்சில் வந்த தன் புத்தகத்தை அவர் திறப்பதே இல்லை. ஓர் அச்சுப்பிழை கண்ணில் பட்டால் போதும், பல நாள் தூக்கம் போய்விடும் அவருக்கு.

"தாடி புஸ்தகத்தைப் படிச்சு, குத்தம் குறையெல்லாம் சொல்லு" என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் ஆபீசிலிருந்து வந்தால், சமையலறையில் அடுப்பு எரியவில்லை. மனைவி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?"

"அந்தக் குழந்தை இருக்கே..." என்று ஆரம்பித்தவள் மறுபடியும் முந்தானையை எடுத்தாள். "சொன்னா கெட்டுப்போயிடும். நீங்களே படிங்க. நீங்களும் ஒருநாள் இந்த மாதிரி ஒரு பக்கம் எழுதுங்களேன்."

எழுத்தாளர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊர் கொண்டாடட்டும், பேப்பர்காரன் கொண்டாடட்டும். இவள்! தன்னுடைய ஒரு வரிக்காவது இவள் கண் கலங்க வேண்டும் என்றுதானே ராத்திரி பகல் பாராமல் எழுதினார்? அந்தக் கண்ணீரையும் தாடிக்காரன் தட்டிக்கொண்டு போய்விட்டானே. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டையை மாற்றும் சாக்கில் உள்ளே போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசகர் வட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. தலைப்பு: 'நாவலில் அந்தக் குழந்தை எதன் குறியீடு?' நாவலாசிரியரும் வருகிறார். நீங்கள் பேச முடியுமா?

"பேசறேன்" என்றார் எழுத்தாளர். "நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி பேசறேன்."

சேதி கேட்டு வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கே ஓடிவந்தார் பதிப்பாளர். "வேணாம் சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வேற யாரைப் பத்தி வேணா பேசுங்க. என்னைத் திட்டுங்க. அந்தக் குழந்தை மட்டும் வேணாம்."

"ஏன்? அதென்ன உங்க பேரனா?"

"எப்படிச் சொல்றது... விஷயம் கொஞ்சம் சிக்கல் சார். சொன்னா என் பதிப்பகமே..."

"தாடிக்கு வக்காலத்தா? வெளியே போங்கய்யா!"

கூட்டத்தன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தப் புத்தகத்தோடு, தான் அழுததைப் பக்கத்தில் இருந்த பதிப்பாளரிடம் சொல்லிக்கொண்டு. அதைப் பார்த்ததுமே எழுத்தாளருக்கு வேகம் வந்துவிட்டது. புத்தகத்தைப் படிக்கவில்லையே, எப்படிப் பேசுவார் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். மேடையில் அது ஒரு தடையே இல்லை.

"மனசாட்சி என்கிறார்கள், காலம் என்கிறார்கள்" என்று முழங்கினார். "நான் சொல்கிறேன். அந்தக் குழந்தை ஒரு குறியீடும் இல்லை. எழுதத் தெரியாதவன் எழுதியது! வாழ்க்கையில் ஒரு குழந்தையை ஏறெடுத்தும் பார்க்காதவன் எழுதியது! இதற்குக் கண்ணீர் விடுகிறவர்களைப் பார்த்து நான் பரிதாபப்படுகிறேன்."

மனைவி புத்தகத்தை மூடிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அரங்கத்தில் முதலில் முணுமுணுப்பு. பிறகு ஒருவர் கை தட்டினார். பிறகு பத்துப் பேர். தலைமுறையின் குற்ற உணர்ச்சி என்று எழுதினாரே, அந்த விமர்சகர்கூட, "எனக்கும் அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டார்.

தாடிக்காரர் எழுந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் முகத்திலோ பெரிய பாரம் இறங்கின நிம்மதி.

"ஐயா சொன்னது அத்தனையும் உண்மை. அந்தக் குழந்தைக்கும் எனக்கும் ஒட்டவே இல்லை. ரெண்டாம் பதிப்புல அதை எடுத்துடறேன். இனிமே அதைப் பத்தி யாரும் என்னைக் கேக்காதீங்க."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. "என்ன அடக்கம்!" என்றார்கள் சிலர். எழுத்தாளருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. ஜெயித்துவிட்டார். குழந்தை ஒழிந்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, நேரே மனைவியிடம் போனார்.

"இப்ப என்ன சொல்றே?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் பதிப்பாளர் குறுக்கே வந்து எழுத்தாளரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"கெடுத்துட்டீங்களே சார்! பைண்டிங்ல ரெண்டு புஸ்தகத்துக்கும் நடுவுல பதினாறு பக்கம் இடம் மாறிப்போச்சு. அவரோட கோர்ட்டு உங்க நாவல்ல இருக்கு. ஊரே கொண்டாடுன அந்தக் குழந்தை, உங்க வீட்டம்மா அழுதாங்களே அந்தக் குழந்தை... அது நீங்க எழுதினது சார்!"