நாலாம் நாள் குட் மார்னிங்

செஞ்சிக் கோட்டையை ஆண்ட அத்தனை ராஜாக்களையும் சேர்த்துப் பார்த்தாலும், இன்னும் பிறக்காத ஓர் உயிருக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஆள் கிடைக்க மாட்டார்.

மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவர் தொழில். பெயர் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘நாலாம் நாள்’ என்றால் அனந்தபுரம் வரை தெரியும். ஊசி போட்ட நாலாம் நாள் காலை திரும்பி வருவார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பசுவின் வயிற்றருகே குனிந்து, “குட் மார்னிங்” என்பார். போய்விடுவார்.

“எந்தக் காளை சார், நல்ல வம்சமா?” என்று யாராவது கேட்டால் கோபம் வரும்.

“காளைய வுடுய்யா, அது இன்னும் வாயே தொறக்கல. மொத மூணு நாளு ஆத்தா முட்டைக்குள்ள கட்டிக் குடுத்த சோத்துலதான் வண்டி ஓடுது. கருவோட ஜீனு தூங்குது. ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். எட்டாவுறப்பதான் முழிக்கும்.”

“காதே இல்லாத கருவுக்கு எப்படிங்க குட் மார்னிங் கேக்கும்?” என்றேன் ஒருமுறை.

“கேக்காது சார். முழிச்சவங்களுக்குச் சொல்றதில்லையா? அதான்.”

எங்கள் பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் இருந்தது ஒரே பசு. மூன்று ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. நாலாவதும் தவறினால் தரகர் கையில் கயிறு என்று புருஷன் ஏழுமலை முடிவு செய்துவிட்டார். அப்போது மே மாதம். மலைப்பாறைகள் தோசைக்கல்லாகக் காய்ந்தன.

“வெயில்தாம்மா கெடுக்குது” என்றார் நாலாம் நாள், நாலாவது ஊசியைப் போட்டு முடித்ததும். “முழிச்ச கரு தன்னைத் தானே காப்பாத்திக்கும். தூங்குறது இன்னா பண்ணும்? மூணு நாளு மாட்டைக் குளுமையா வெச்சுக்க.”

வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் தொழுவத்துக்குப் போனது. மதியத் தூக்கத்துக்கு ஏழுமலையும் பாயோடு பின்னால் போனார். இரண்டாம் நாள் கரண்ட் போனதும், பசுவைப் பார்க்க வந்திருந்த ‘நாலாம் நாள்’ லைன்மேனுக்கு போன் போட்டார்.

“அவசரம்பா, லைன் குடு!”

“யாரு வூட்டுல சார் பிரசவம்?”

“பிரசவத்துக்கு இன்னும் ஒம்போது மாசம் இருக்குது!”

லைன்மேன் என்ன நினைத்தாரோ, பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. அதுவரை ஈரச்சாக்கைப் பிழிந்து பிழிந்து பசுவின் முதுகில் போட்டவர் நாலாம் நாள்தான்.

மூன்றாம் நாள் தளவானூரில் வேறொரு மாட்டைப் பார்க்கப் போனவர், வெயிலில் மயங்கி விழுந்தார். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எனக்கு போன்.

“சார், இன்னைக்கு நாலாம் நாளு.”

“படுங்க. நான் போய்ப் பாத்துக்கறேன்.”

“பாத்தா பத்தாது சார். சொல்லணும்.”

இருபத்தோராம் நாள் பசு பருவத்துக்குக் கத்தவில்லை; சினை நின்றுவிட்டது. தரகர் டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார். மாசியில் கிடேரிக் கன்று பிறந்தது. “காளையோட நெத்திச் சுட்டி அப்டியே இருக்குது!” என்றார் ஏழுமலை. நாலாம் நாள் அவரை முறைத்துவிட்டு, என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“அன்னிக்குச் சொன்னீங்களா சார்?”

“சொன்னேன்.”

“ஹெல்மெட்டைக் கழட்டினீங்களா?”

“நடந்துதானே போனேன், ஹெல்மெட் ஏது?” என்றேன். தொழுவத்து வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் போனதை அவரிடம் சொல்லவில்லை.