தேக்கிலைச் சல்லடை

ஒரு காட்டில் கல்வித் துறை இருந்தது. அதனால் குட்டிகளுக்கு நிம்மதி இல்லை.

நரி வந்தால் குட்டிகள் தப்பிப்பது எப்படி என்று யார் யாரோ ஆராய்ந்து, இலையில் எழுதிக் கமிட்டிக்கு அனுப்புவார்கள். தலைவர் யானை அத்தனையையும் ஒரு சல்லடையில் கொட்டிச் சலிப்பார். மேலே நின்றால் ஆய்வு. கீழே விழுந்தால் குப்பை. நின்றதையெல்லாம் சேர்த்து வருஷா வருஷம் ஒரு தொகுப்பறிக்கை வரும்.

அந்த வருஷமும் நின்றதெல்லாம் குரங்குகள் எழுதிய தேக்கிலைகள்தான். நாற்பது இலையும் ஒரே முடிவைச் சொல்லின: நரி வந்தால் மரமேறு. எல்லாப் பள்ளிக்கும் உத்தரவு போய்விட்டது.

முள்ளெலிப் பள்ளி வெள்ளத்தாய் டீச்சருக்கு வயிறு எரிந்தது. அவளிடம் படித்தது பதினோரு பிள்ளைகள். மரமேறப் போய் இரண்டுக்குக் கால் ஒடிந்தது. ஒன்றை நரி தூக்கிக்கொண்டு போயே விட்டது. பேசாமல் சுருண்டு படுத்திருந்தால் பிழைத்திருக்கும். அதைத்தான் அவள் மூன்று வருஷமாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள், வேப்பிலையில்.

நேரே கமிட்டிக்குப் போனாள்.

“எங்க பொட்டல்ல தேக்கு ஏதுங்கய்யா? கிடைச்ச இலையிலதானே எழுத முடியும். சல்லடைக் கண்ணு பெரிசா இருந்தா அதுக்கு எம்பிள்ளை சாகணுமா?”

யானை நல்லவர்தான். இதுவரை யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நியாயம்தாம்மா. இனிமே சல்லடை உன் பொறுப்பு. கண்ணு எவ்வளவு இருக்கணும்னு நீயே பாத்து வச்சுக்கோ.”

வெள்ளத்தாய் ஒரு வேப்பிலையை வைத்து அளந்து புதுச் சல்லடை பின்னினாள். புது அறிக்கையில், ‘மரமேறு, முடியாவிட்டால் சுருண்டு படு’ என்று வந்தது. மிச்சமிருந்த பத்துப் பிள்ளைகளும் பிழைத்தன. காடே அவளைக் கொண்டாடியது.

மறு வருஷம் முயல் வாத்தியார் சடையாண்டி வந்தார். கையில் ஒரு புளிய இலை. அதில் ஒரே வார்த்தை: ஓடு.

“அறிக்கையில போட்டபடி எங்க பிள்ளைங்க சுருண்டு படுத்துச்சுங்க டீச்சர்,” என்றார். “நாலு போச்சு.”

வெள்ளத்தாய்க்கு அந்த வலி தெரியும். ஒன்றைப் பறிகொடுத்தவள் அல்லவா. இலையை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிச் சல்லடையில் போட்டாள். அது கீழே விழுந்தது.

“அடடா,” என்றாள். “கொஞ்சம் பெரிய இலையா பாத்து எழுதியிருக்கக் கூடாதா, சார்?”

நீதி: சல்லடைக் கண் நியாயமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நம் இலை நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.