ஓசியில் வந்த அப்டேட்

திரை கறுத்துவிட்டது. துணியால் துடைத்தால் போகிற கறுப்பாகத் தெரியவில்லை.

உள்ளறையில் மனைவி படுத்திருந்தாள். ஐந்து மணிக்கு ஆன்லைன் விளையாட்டில் அவளுக்கு ஃபைனல். ஜெயித்தால் பெரிய அணி ஒன்றில் இடம். "கொஞ்சம் கண்ணசர்றேன். கம்ப்யூட்டர் பக்கம் மூச்சுகூட விடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பாத்திரக் கடைக்காரர் மூச்சு விடவில்லை. மவுஸைத்தான் அமுக்கினார். திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்குப் புது டிரைவர் மென்பொருள் வந்திருக்கிறது, இலவசம் என்று மூலையில் ஒரு பெட்டி கண்சிமிட்டியது. குக்கர் வாங்கிவிட்டுக் கரண்டியை ஓசியில் கேட்கிறவர்களோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய மனிதர். கேட்காமலே கொடுப்பதை விடுவாரா?

கம்ப்யூட்டரை மாட்டிக்கொடுத்த மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

"தம்பி, அப்டேட் போட்டேன். ஸ்கிரீன் செத்துப்போச்சு!"

"பதறாதீங்கண்ணே. இதோ வர்றேன். பழைய டிரைவரைப் போட்டா முடிஞ்சுது."

"ஓடி வாப்பா. அஞ்சு மணிக்கு வீட்டம்மாவுக்கு ஃபைனல்."

"அண்ணியா? நீங்க விளையாடுறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"அவதான். அதுல அவ பேரு சூறாவளி."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்த சத்தம்.

"தம்பி? இருக்கியா?"

"இருக்கேண்ணே. நான் எதுக்கு வந்துகிட்டு? போன்லயே முடிச்சிடலாம்."

ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னான். நீலத் திரை வந்தது. 'ரீசெட்' கொடுக்கச் சொன்னான். கடைக்காரர் கொடுத்தார். நெடுநேரம் சுற்றியபின் திரை பளிச்சென்று வந்தது.

"வந்துடுச்சு! ஆனா... விளையாட்டைக் காணோமேப்பா!"

"கார்டுல தூசி இருக்கும்ணே. கழட்டி ஈரத்துணியால துடைங்க."

கடைக்காரர் மூடியைத் திறந்து கார்டைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, 'டக்'குனு ஏதோ உடைஞ்ச மாதிரி..."

"அந்தச் சத்தம் கேக்கணும்ணே. அப்பதான் சரியா கழண்டுச்சுன்னு அர்த்தம். ஆறு மணி வரைக்கும் காயட்டும்."

"ஃபைனல் அஞ்சுக்குப்பா!"

"ஈரத்தோட மாட்டினா வெடிச்சிரும். அண்ணி உயிர் முக்கியமா, ஃபைனல் முக்கியமா?"

கடைக்காரருக்குக் கண் கலங்கியது. போனை வைத்தார். கார்டைத் துடைத்துக் காயவைத்துவிட்டுத் திரும்பினார். உள்ளறை வாசலில் மனைவி. மின்விசிறிக்குக் கீழே, தட்டில், கார்டு.

"என்ன இது?"

"காயுது."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தடிக்கப் போகிறது.

"யாரு கழட்டச் சொன்னது?"

"நம்ம மெக்கானிக்தான். தங்கமான பையன். உன் உயிர் மேல என்னா அக்கறை!"

அவள் போனைப் பிடுங்கி அதே எண்ணுக்கு அடித்தாள். மெக்கானிக்கின் அம்மா எடுத்தாள்.

"அவனா? ஏதோ கேம் ஃபைனலாம், உள்ள உக்காந்திருக்கான். இரும்மா, கூப்பிடுறேன். அவனுக்கு இப்ப ஒரு வேலையும் இல்ல. எதுத்து ஆட வேண்டிய யாரோ சூறாவளி இன்னிக்கு வராதாம்."