குளிர்காற்றுக் குழாயும் ஒரு கேத்தல் சாயத்தண்ணியும்

நான் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் என் மனைவி பார்வதி சமையலறைக்குள் போவாள். ஒரு காய்ந்த மஞ்சள் கிழங்குத் துண்டை எடுத்து வருவாள். என் கண்ணில் படும்படி அதை ஜன்னலில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். நானும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவேன். ஒரு வேலையை அரைகுறையாகத் தெரிந்தவன் சும்மா இருக்கமாட்டான் என்பதற்கு இந்த இலங்கை மலைநாட்டில் என்னைவிட நல்ல சாட்சி கிடையாது.

அறுபதுகளின் தொடக்கம். லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நான் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டருக்குக் கையாள். அவர் கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதும் எண்ணெய்த் துணியைப் பிழிவதும்தான் என் வேலை. யாராவது விசாரித்தால் மட்டும் "இஞ்சின் பக்கம் இருக்கேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்.

கடைத்தெருவில் சீனி சுற்றிக் கொடுத்த தாள் ஒன்றுதான் என்னைக் கெடுத்தது. அது ஏதோ வெளிநாட்டு மோட்டார் பத்திரிகையின் பக்கம். நான் எழுத்துக் கூட்டி வாசித்ததில் புரிந்தது இவ்வளவுதான். இஞ்சின் தன் பக்கத்திலிருக்கும் சூட்டுக் காற்றை உறிஞ்சுகிறது. சூட்டுக் காற்று மெலிந்தது, குளிர்காற்று கனத்தது. வெளியிலிருந்து ஒரு குழாய் வைத்துக் குளிர்காற்றைக் கொடுத்தால் பெட்ரோல் நன்றாக எரியும், வண்டி பறக்கும். சனமெல்லாம் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் ஊரில், இஞ்சினுக்குக் குளிர் போதவில்லை என்று கவலைப்பட்டவன் நான் ஒருவன்தான்.

வண்டி எனக்கு ஏது? ஹமீது நானாவின் கடை வேன்தான் கிடைத்தது. லிந்துலையில் கடை வைத்திருந்த அவர், என் கல்யாணத்துக்கு அந்த வேனையும் சாரதி சின்னையா அண்ணனையும் சும்மாவே தருவதாகச் சொல்லியிருந்தார். அதில் குழாய் வைக்கப்போகிறேன் என்றேன். "என்னத்தயாச்சும் செய்ங்க தம்பி, எனக்கு வேன் ஓடினாச் சரி" என்றார். இரண்டு பால்மா டின், கூரைத் தண்ணீர் ஓடும் பீலியின் தகரத் துண்டு ஒன்று, ஸ்டோரில் கழித்துப் போட்ட கேன்வஸ் பட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் குழாய் செய்தேன். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்குச் சூட்டுக் காற்று வரும் வழியை அடைத்துவிட்டு, குழாயின் வாயை முன்பக்கமாக வெளியே நீட்டினேன். பார்க்க வேன் பீடி பிடிப்பதுபோல் இருந்தது.

நல்ல வெயில் நாளாகப் பார்த்து நோர்வூட் வரை ஓட்டிப் பார்த்தோம். சும்மா சொல்லக்கூடாது, வேன் பறந்தது. "மெய்யாலுமே இழுக்குதே தம்பி" என்று சின்னையா அண்ணன் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெண் வீடு பட்டிப்பொலப் பக்கம். பெண் பார்க்கப் போனபோது தேத்தண்ணி கொடுத்த பார்வதி, என் நகத்தில் இருந்த கறுப்பு எண்ணெயைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அதில் ஒரு சிக்கல் இருந்தது. அவளுடைய தாய்மாமன் தன் மகன் ராசுவுக்குத்தான் பார்வதி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கங்காணியான என் மாமனார், மைத்துனரின் பேச்சை மீறித்தான் எனக்குச் சம்மதம் சொன்னார். சொன்ன கையோடு என்னைத் தனியாக அழைத்து எச்சரித்தார்.

"முகூர்த்தம் ஒம்பது மணியோட முடிஞ்சிருது மாப்பிள்ள. தப்பிச்சின்னா என்னையக் கேக்கக் கூடாது. என் மச்சான் அன்னைக்கு மகனக் குளிப்பாட்டித்தான் நிப்பாட்டி வச்சிருப்பான்."

உறவுக்காரர்கள் எல்லோரும் முதல்நாளே ரயிலில் பட்டிப்பொலைக்குப் போய்விட்டார்கள். "நாமளும் ரயில்லயே போயிருவோம்டா" என்று அம்மா கெஞ்சினார். நான் கேட்கவில்லை. மாமனார் வாசலில் வேனில் போய் இறங்கி, இஞ்சின் மூடியான பானட்டைத் திறந்து, ராசுவுக்குக் குழாயைக் காட்டவேண்டும். அதுதான் என் திட்டம்.

தை மாதம். பொழுது விடியும்போது கிளம்பினோம். பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலையோடு நான் முன்னால். பின்னால் அம்மா, மடியில் கம்பளி சுற்றிய ஒரு பெரிய கேத்தல் நிறையக் கொதிக்கக் கொதிக்கப் பால் ஊற்றாத தேத்தண்ணியான சாயத்தண்ணி, காலடியில் ஒரு பை தேங்காய். அம்மாவுக்குப் பக்கத்தில் கைக்கடிகாரம் கட்டிய அக்கா புருஷன், காளிமுத்து மச்சான். தாலியும் கூறைச்சேலையும் அவர் மடியில்.

ஏறஏறப் பனிமூட்டம் கனத்தது. புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. "பாருங்க மச்சான், எப்படிக் குளிர்காற்று! இனித்தான் இருக்கு வேடிக்கை" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, வேன் இருமியது. இரண்டு முறை குலுங்கிவிட்டு நின்றது.

"முந்தி நல்லாத்தான ஓடுச்சு" என்றார் சின்னையா அண்ணன்.

நான் இறங்குவதற்குள் அம்மா இறங்கிவிட்டார். பாதையோரத்தில் ஒரு பிள்ளையார் இருந்தார். "கும்புடாமத் தாண்டுனா விடுவாரா?" என்று கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, எங்கள் எல்லோருக்கும் திருநீறு பூசினார். அதன் பிறகு நான் பானட்டைத் திறந்து குழாயைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மாட்டினேன். சின்னையா அண்ணன் சாவியைத் திருப்பினார். கிளம்பிவிட்டது! அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பிள்ளையாரே தெரிந்தார்.

கொஞ்ச தூரம்தான். திரும்ப இருமல், திரும்ப நிறுத்தம். இந்த இடத்தில் கோயில் இல்லை. அம்மா ஒரு கல்லைத் தேடிப்பிடித்துக் குங்குமம் வைத்து, அதற்கும் ஒரு தேங்காய் உடைத்தார். கற்பூரம் அணைந்தது, நான் குழாயைக் கழற்றினேன், சுத்தம், மாட்டினேன், கிளம்பியது.

"ஒன் கொழாயிலதான்டா கோளாறு" என்றார் மச்சான்.

"கொழாயில கோளாறுன்னா எப்படி மச்சான் திரும்பக் கெளம்பும்?" என்று நான் வாதாடினேன். மூன்றாவது முறை நின்றபோது உடைக்கக் கொண்டுவந்த கடைசித் தேங்காயும் போயிற்று.

"இன்னும் அரை மணித்தியாலந்தான் இருக்கு" என்றார் மச்சான். அதுவரை வாய்ச்சவடால் அடித்த நான் பாதையில் முன்னும் பின்னும் ஓடிப் பார்த்தேன். நடந்து போனால் உச்சிப்பொழுதுக்குத்தான் போய்ச் சேரலாம். அந்தப் பக்கம் போகிற ஒரு லொறியும் வரவில்லை. பனிமூட்டத்துக்குள் அந்த ராசு என் கண்ணுக்கு முன்னாலேயே நிற்பதுபோல் தெரிந்தான். குளித்து, தலை சீவி, புது வேட்டி கட்டி நின்றான்.

திரும்பக் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் நான்காவது முறையும் வேன் நின்றது. அம்மா பைக்குள் கையை விட்டுத் துழாவினார். சீர்த்தட்டுத் தேங்காய் மட்டும்தான் மிச்சம், அதை உடைக்க முடியாது. இந்த முறை சாமிக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நான் வெறிபிடித்தவன்போல் குதித்து, வேன் நின்ற மறுநிமிஷமே பானட்டைத் திறந்து குழாயைப் பிடுங்கினேன்.

கார்புரேட்டரின் தொண்டை வெள்ளை வெளேரென்று அடைத்துக் கிடந்தது. விரலை விட்டுச் சுரண்டினேன். விரல் விறைத்தது.

"மச்சான்! ஐஸு!" என்று கத்திக்கொண்டு, உள்ளங்கையில் அதை ஏந்திக்கொண்டு ஓடினேன்.

"எங்கடா?" என்று அம்மா வேனுக்குள் இருந்தபடியே குனிந்து பார்த்தார். கையில் ஈரம்தான் இருந்தது. "தண்ணிடா இது" என்றார். பிறகு மச்சானைப் பார்த்து, "புள்ளைக்கு மூள கொழம்பிருச்சுங்க" என்று சொல்லி என் நெற்றியில் இன்னும் கொஞ்சம் திருநீறு வைத்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஈரப் பனிக்காற்றை வெளியிலிருந்து அள்ளி அள்ளி ஊட்டியவன் நான். அது கார்புரேட்டருக்குள் போய், பெட்ரோல் ஆவியாகும் குளிரில் ஐஸாக உறைந்து அடைத்திருக்கிறது. தேங்காய் உடைத்துக் கற்பூரம் அணைவதற்குள் இஞ்சின் சூட்டில் அது உருகி ஓடியிருக்கிறது. நான் திறந்து பார்க்கும்போதெல்லாம் சுத்தம்!

விளக்கம் சொல்ல நேரமில்லை. குழாயைத் தேயிலைக்குள் வீசினேன். அடைத்து வைத்த சூட்டுக் காற்று வழியைத் திறந்துவிட்டேன். அம்மாவின் மடியிலிருந்து கேத்தலைப் பறித்தேன்.

"அடேய், அது குடிக்கிறதுக்குடா!"

ஆவி பறக்கப் பாதிச் சாயத்தண்ணியைக் கார்புரேட்டர் மேல் ஊற்றினேன். தலைப்பாகையை அவிழ்த்து மிச்சத்தில் நனைத்து அதைச் சுற்றிக் கட்டினேன். கை வெந்தது. "அண்ணே, ஸ்டார்ட் போடுங்க!" என்றேன். என் குரல் அழுகிற குரலாக இருந்தது. அழுதுகொண்டுதான் இருந்தேன்.

வேன் உறுமியது. அதன் பிறகு நிற்கவே இல்லை.

அந்த நேரத்தில் பெண் வீட்டில் நடந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். தாலி வேனில் இருக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, தாய்மாமன், "மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சத் துண்டக் கட்டுனா அதுவும் தாலிதான்" என்று சொல்லி, கட்டியும் முடித்துத் தட்டில் வைத்துவிட்டார். ராசு மணவறைக்குப் பக்கத்தில் நெளிந்துகொண்டு நின்றான். "பொண்ணக் கூப்புடுங்க" என்று குரல் எழுந்தது. பார்வதி தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தங்கள் காம்பரா அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "இன்னும் சீல கட்டி முடியல" என்றாளாம். யார் தட்டினாலும் அதே பதில்.

நாங்கள் போய் நின்றபோது மச்சானின் கடிகாரத்தில் முகூர்த்தம் கொஞ்சம் பாக்கி இருந்தது. நான் தலைப்பாகை இல்லாமல், வேட்டியெல்லாம் சாயக்கறையோடு, வெந்த கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஸ்டோர்லருந்து நேரா வாறீங்களா மாப்பிள்ள?" என்றார். உள்ளே தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.

தட்டில் இருந்த அந்த மஞ்சள் கயிற்றைப் பார்வதி எடுத்து வைத்துக்கொண்டாள். அதில் கட்டியிருந்த மஞ்சள் துண்டுதான் இன்றைக்கும் ஜன்னலில் வந்து உட்காருகிறது. அம்மா கடைசிவரை, எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது தேங்காய்தான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ராசு வேறு இடத்தில் கல்யாணம் செய்து, என்னோடு நல்ல சிநேகமாகவும் ஆகிவிட்டான். எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை வண்டியில் ஒரு கேத்தல் சாயத்தண்ணி ஏற்றுவது அவன் பொறுப்பு. என் மூத்த மகன் கல்யாணத்துக்கு ஏசி வேன் வந்தது. அந்தச் சாரதிப் பையன் கேத்தலைப் பார்த்து, "பிளாஸ்க்குல கொண்டு வரலாமே ஐயா, இத யாரு குடிக்கிறதுக்கு?" என்று கேட்டான்.

"குடிக்கிறதுக்கு இல்ல தம்பி, ஊத்துறதுக்கு" என்றான் ராசு. என் பக்கம் கையை நீட்டினான். "அன்னைக்கு மட்டும் இது ஆறிப் போயிருந்தா, இன்னைக்கு மாப்பிள்ளைக்கு அப்பன் நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். பின்சீட்டில் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்த பார்வதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆறிப் போயிருந்தாலும் நான் கதவத் தொறந்திருக்க மாட்டேன்" என்றாள்.