மூலை அண்ணாச்சியும் பொடிக்கட்டச் சேலையும்

முப்பது வருடம் ஸ்டூடியோ நடத்தியும் ஒரு மனித முகத்தைக்கூடப் பார்க்காத போட்டோகிராபர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் திருத்தங்கல் மூலை அண்ணாச்சி.

சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். யார் எந்தப் படத்தை நீட்டினாலும் முதலில் மேலே இரண்டு மூலை, பிறகு கீழே இரண்டு மூலை, அவ்வளவுதான் பார்ப்பார். நடுவில் இருப்பது மணப்பெண்ணா மாட்டுவண்டியா என்ற கவலை அவருக்குக் கிடையாது.

"நடுவுல எந்த ஓட்ட லென்ஸும் நல்லாத்தாம்லே எடுக்கும். மூலையில கலங்காம நிக்குதா, அதப் பாரு!" என்பார்.

ஸ்டூடியோச் சுவரில் படமே இருக்காது. நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸிலிருந்து கேட்டு வாங்கிய, வெட்டாத தீப்பெட்டி லேபிள் ஷீட் ஒன்று மட்டும் ஒட்டியிருக்கும். ஷீட் முழுக்கப் பொடிப்பொடியாய்க் கிளிகள். புது லென்ஸ் வந்தால், அதாவது யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட பழசு வந்தால், கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, கொத்தனாரிடம் வாங்கிய ரசமட்டத்தை அதன் தலையில் வைத்து, மூச்சை அடக்கி அந்தக் கிளிகளை ஒரு கிளிக். ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போட்டு, பிரஸ்காரர்கள் புள்ளி பார்க்கும் பூதக்கண்ணாடியால் சோதிப்பார். டிஜிட்டல் வந்த பிறகு கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார். அதிலும் நம்பிக்கை வராமல் திரைமேலேயே பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மூலைக் கிளியின் மூக்கு கூராக இருந்தால் எல்லோருக்கும் டீ. மழுங்கியிருந்தால் அன்றைக்கு ஸ்டூடியோ லீவு.

பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒருவரை ஓரம் ஓரமாக நகர்த்தி, ஒரு காதும் அரைக் கன்னமும் மட்டும் விழும்படி எடுத்துக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, என் கண்ணு ரெண்டும் எங்க?"

"கண்ண விடுங்க. காது மடல் எம்புட்டு சுத்தமா வந்துருக்கு, பாத்தீகளா?"

ஒரு துக்க வீட்டில் மாலை போட்ட படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று பெருமூச்சு விட்டார். இறந்தவரின் மனைவி அவர் துக்கத்தைப் பார்த்து இன்னும் உரக்க அழுதார். அண்ணாச்சி தழுதழுத்த குரலில், "வலது மூலை இம்புட்டு மோசமாப் போயிருச்சே, யாரு எடுத்தது?" என்றார். அவரை வெளியே கூட்டிவந்தது நான்தான்.

இவ்வளவு தெரிந்தும் என் கல்யாணத்துக்கு அவரையே கூப்பிட்டேன். ஒரே தெரு, கூப்பிடாமல் இருக்க முடியுமா?

எனக்குப் பயம் அம்மாவை நினைத்துத்தான். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற அம்மாவுக்கு அதுவரை இருந்தது மொத்தம் மூன்று படம். கம்பெனி அட்டையில் கண் மூடியிருந்தது. ஆதாரில் இருப்பது யாரென்று எங்களுக்கே தெரியாது. மூன்றாவது, சித்தி செல்போனில் எடுத்தது. அதில் முகம் மைதா மாவு பூசியதுபோல் இருந்தது.

"ஏலே, கல்யாணத்தன்னைக்கு ஒன் பக்கத்துல நின்னு நல்லதா ஒரு படம் எடுத்துப்புடணும். வேற ஒண்ணும் கேக்கல" என்று அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று காலையில்தான் அண்ணாச்சிக்கு ஒரு லென்ஸ் பார்சலில் வந்து தொலைத்தது. சோதித்துப் பார்க்க நேரமில்லை. மேடையில் எல்லோரும் குரூப் போட்டோவுக்கு நிற்கிறோம், அம்மா என் தோளை உரசி நிற்கிறார், அண்ணாச்சி மட்டும் வியர்த்துப்போய் லென்ஸைச் சோதிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறார். கிளி ஷீட்டுக்கு மண்டபத்தில் எங்கே போவது? அப்போதுதான் அவர் கண்ணில் அம்மாவின் பொடிக்கட்டம் போட்ட பட்டுச்சேலை பட்டது.

"மதினி, நீங்க அந்தக் கடைசிக்குப் போங்க. இன்னும். இன்னுங் கொஞ்சம். அந்தத் தூண ஒட்டி நில்லுங்க."

என் தாய்மாமா பொங்கிவிட்டார். "மாப்பிள்ளைக்கு அம்மாவ ஓரங்கட்டச் சொன்னது எவம்லே?"

பெண் வீட்டார் காரியாபட்டிக்காரர்கள். சொன்னது அவர்கள்தான் என்று எங்கள் ஆட்கள் முடிவு கட்டினார்கள். எங்கள் வீட்டுக்குள்ளேயே சண்டை என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். மாமாவின் வேட்டி அவிழ்கிற அளவுக்கு ரகளை. நடுவில் ஒரே ஒரு கிளிக் சத்தம் கேட்டது. அடுத்த படத்துக்கு மேடையில் ஆளே இல்லை.

"விடுலே, என் ராசி அப்படி" என்று அம்மா தூணோரம் நின்று சொன்னபோது, அந்த லென்ஸை அண்ணாச்சி தலையிலேயே போட்டு உடைக்கலாம்போல் இருந்தது.

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி பெரிய பிரிண்ட் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. பிரித்துக் காட்டினார். அந்த ஒரே கிளிக்கில் விழுந்த மூலையை மட்டும் பெரிதாக்கியிருந்தார். அதில் அம்மா மட்டும்.

"பாருங்க மதினி, ஒரு கட்டம் பிசகல. நூல எண்ணலாம்!"

அம்மா நூலை எண்ணவில்லை. மாமாவின் வேட்டியைப் பார்த்துச் சிரித்த நேரத்தில் விழுந்த படம். புருவத்து மேல் இருக்கும் சின்னத் தழும்பு, மூக்குத்திக் கல், முன்பல் இடைவெளி எல்லாம் அப்படியே இருந்தன.

"ஏலே, நான் இப்படியா இருக்கேன்?"

"ஆமாம்மா."

"நல்லாத்தான இருக்கேன்!"

பக்கத்தில் நான் இல்லாததை அம்மா கவனித்ததாகவே தெரியவில்லை.

போன மாதம் ஸ்டூடியோவுக்குப் போனேன். சுவரில் கிளிகளைக் காணோம். அந்த இடத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"கிளி என்னலே கிளி! இப்பல்லாம் மதினி சேலையில தேறுனாத்தான் லென்ஸு" என்றபடி அண்ணாச்சி ரசமட்டத்தைச் சரி செய்தார்.

"சேல இருக்கட்டும் அண்ணாச்சி. மொகம் எப்படி வந்துருக்கு?"

"மொகமா?" என்று பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அட, மதினி சிரிக்காக!"

முப்பது வருடத்தில் அவர் பார்த்த முதல் முகம் என் அம்மாவுடையது. என் கல்யாண ஆல்பத்தில் குரூப் போட்டோவே இல்லாமல் செய்த அந்த மனுஷனை அந்த நிமிஷம் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.