புத்தகத்துக்குப் பாரம்

ஆபீஸில் ஒரு கோப்பைக் கட்டுவதற்குக்கூட பியூனைக் கூப்பிடுகிற நம் மேனேஜர், ஒரு வாரமாக வீட்டில் ஊசியும் கையுமாக அலைந்தார். புத்தகம் தைக்கக் கற்றுக்கொள்கிறாராம்! நூலுக்கு மெழுகு தடவினார். தாள் மடிப்புகளில் துளை போட்டார். தாளைவிட விரலில்தான் துளை அதிகம். ஆனாலும் ஞாயிறு காலை கடைசி மடிப்பையும் தைத்து, முடிச்சை இறுக்கி, புத்தகத்தின் முதுகில் பசை தடவியபோது மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? ஒரு தாளாவது ஆடுதா?"

"அடேயப்பா! கடையிலகூட இப்படித் தைக்க மாட்டாங்க," என்றாள் மனைவி. "அது இருக்கட்டும், நானும் தங்கச்சியும் சினிமாவுக்குப் போறோம். அவளோட ரெட்டைப் பிள்ளைங்களைச் சாயந்திரம் வரைக்கும் பாத்துக்குங்க."

"நடக்கிற கதையாப் பேசு! இன்னிக்கு எனக்குச் சீட்டுக் கச்சேரி."

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. புத்தகத்தைத்தான் தடவிப் பார்த்தாள்.

"இதை இப்படியே விட்டா முதுகு கோணாதா?"

"பின்னே? பசை காயற வரைக்கும் மேலே நல்ல பாரம் இருக்கணும். சாயந்திரம் வரைக்கும் அசையக் கூடாது."

"ஐயையோ! அவ்வளவு கனமா நம்ம வீட்டுல என்ன இருக்கு?" அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வேற யாராவது தெச்சதுன்னா போனாப் போகுதுன்னு விட்டுடலாம். நீங்க தெச்சதாச்சே!"

மேனேஜர் தொந்தியைத் தடவிக்கொண்டார். "கொண்டா, நானே உக்கார்றேன்!"

அவள் உள்ளே போய்ப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தாள். அவர் சிம்மாசனம் ஏறுவதுபோல் ஏறி உட்கார்ந்தார். வாசலில் சீட்டுக் கூட்டாளி ஹாரன் அடித்தபோது, "நீ போப்பா! கலைன்னு வந்துட்டா இதெல்லாம் பாக்க முடியாது!" என்று அவரே கத்தினார்.

ஹாரன் சத்தம் தெருமுனை தாண்டியது. மடியில் இரண்டு பிள்ளைகள் வந்து விழுந்தன.

"எப்படியும் நீங்க எழுந்திருக்கப் போறதில்லையே," என்றாள் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே.

ஒன்று தோளில் ஏறியது. இன்னொன்று மீசையைப் பிடித்துத் தொங்கியது. மேனேஜர் ஓர் அங்குலம்கூட எழவில்லையே! தைத்த கைக்கு அவ்வளவு வைராக்கியம்.

சாயந்திரம் அக்காவும் தங்கையும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். மரத்துப்போன காலோடு எழுந்தவர், "எல்லாரும் வந்து பாருங்க!" என்று துணியைப் பிரித்தார். உள்ளே ஒரு பலகை.

மனைவி புத்தகத்தை எடுத்து வந்தாள். முதுகு அம்புபோல் நேராக இருந்தது.

"பிள்ளைங்க கையில சிக்கிடக் கூடாதேன்னு அரிசி மூட்டைக்கு அடியில வச்சிட்டேன். எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க!"

"அப்போ நான் காலையிலேர்ந்து உக்காந்திருந்தது?"

"காய் நறுக்குற பலகைங்க. ரொம்ப நாளாவே அது கோணலாத்தான் இருந்துச்சு."