சொல்லுக்கு ஊர் விசாரிக்கிறவர்

டச்சுக்காரர் ஆண்டுவிட்டுப் போன எங்கள் பாரமரிபோ நகரில் எத்தனையோ இனத்து மக்கள் உண்டு. எல்லா இனத்திலும் முளைக்கிற இன்னொரு இனமும் உண்டு: சொல்லுக்கு ஊர் விசாரிக்கிற இனம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சந்தையில் உப்பு மீனைக் கையில் தூக்கிக்கொண்டு, இந்தப் பெயர் எந்தக் கப்பலில் ஏறி எந்தத் துறையில் இறங்கியது என்று பின்னால் நிற்கிற வரிசைக்கெல்லாம் விளக்கிவிட்டு, மீனை வாங்காமலே போகிறவர். பக்கத்து வீட்டு இந்துஸ்தானிப் பெரியவர் தன் வீட்டுமொழியான சர்னாமியில் சுகம் விசாரித்தால், இது போஜ்புரியா அவதியா என்று அவரையே திருப்பி விசாரிக்கிறவர். பெரியவர் என்ன செய்வார்? அவர் கேட்டது சுகம்.

இந்த இனத்தில் ஒருவனைத்தான் யுலிண்டா காதலித்துத் தொலைத்தாள்.

வின்ஃப்ரீட் கெட்டவன் இல்லை. பல்கலைக்கழகத்தில் மொழிகளும் பண்பாட்டு வரலாறும் படிக்கிறான். காதலைச் சொல்ல வந்த அன்று, அதை டச்சில் சொல்வதா, ஊருக்கெல்லாம் பொதுப்பேச்சான ஸ்ரானனில் சொல்வதா என்று ஒரு முன்னுரை ஆரம்பித்தான். முன்னுரை முடிவதற்குள் அவளே சம்மதம் சொல்லிவிட்டாள்.

மிச்சம் இருந்தது அவள் அப்பா. பெயர் சார்மான்; ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொம்மெவைனாவில் படகு எஞ்சின் பழுது பார்க்கிற ஜாவாக்காரர், பேச்சு குறைவு. பையனை ஞாயிறு மத்தியானம் சாப்பிட அழைத்து வரச் சொல்லியிருந்தார். அம்மா போன பிறகு அவளுக்கு அவர், அவருக்கு அவள். அவர் வேண்டாம் என்றால் மீறிப் போக அவளால் ஆகாது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியவரிடம் சின்னவன் டச்சில்தான் பேசுவான், அதுதான் மரியாதை. பெரியவரே மனசு வந்து ஸ்ரானனுக்கு இறங்கினால், நீ இனி இந்த வீட்டுப் பிள்ளை என்று அர்த்தம். இது வின்ஃப்ரீடுக்குத் தெரியாதா? அவனுடைய ஆய்வே இதைப் பற்றித்தான்.

சவோட்டோ என்கிற கோழி சூப் வந்தது. பயணம் சௌகரியமா, வீட்டில் எல்லோரும் நலமா என்று சார்மான் டச்சில் விசாரித்தார். அவனும் அடக்கமாகப் பதில் சொன்னான். யுலிண்டாவுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. பிறகு சார்மான் கரண்டியைக் கீழே வைத்தார். மிளகாய்ச் சம்பால் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார். ஸ்ரானனுக்கு மாறினார்.

"அதெல்லாம் கெடக்குது தம்பி. என் பொண்ணக் கட்டிக்கிட்டு எப்படி வச்சுக்கப் போற, சொல்லு."

கதவு திறந்துவிட்டது. யுலிண்டாவுக்குக் கண் கலங்கியது. வின்ஃப்ரீடின் கண்ணும் விரிந்தது. ஆனால் வேறு காரணத்துக்கு.

"கவனிச்சீங்களா சார்?" என்றான், சுத்தமான டச்சில். "இப்பதான் மொழி மாத்தினீங்க. கிண்ணத்த நகர்த்துற அதே நொடியில. இப்படி ஒரு உதாரணம் கண்ணு முன்னாடி கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்."

அப்புறம் நிறுத்துவானா? கரும்புத் தோட்டங்களில் தொடங்கி, ஸ்ரானன் பேசிய பிள்ளைகளைத் தண்டித்த பள்ளிக்கூடங்கள் வழியாக, சுதந்திரம் வரைக்கும் போய்த் திரும்பினான். சூப்பின் மேல் எண்ணெய் ஆடை கட்டியது. சார்மான் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க. சாதம் இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க."

டச்சில். கதவு சாத்தியாயிற்று.

யுலிண்டா இதுவரை அப்பா முன்னால் ஸ்ரானன் பேசியதில்லை. இன்று பேசினாள்.

"அப்பா எந்த மொழியில கேட்டாருன்னு சொல்லிட்ட. என்ன கேட்டாரு?"

வின்ஃப்ரீட் சூப்பைப் பார்த்தான். உள்ளே எங்கு தேடியும் அந்தக் கேள்வி இல்லை.

"மொழி காதுல விழுந்துச்சு," என்றான் மெல்ல, தன்னையறியாமல் ஸ்ரானனில். "கேள்வி விழல."

சார்மான் அவனையே பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கத் தொடங்கியது; சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"எஞ்சின் சத்தம் நல்லாருக்குன்னு ரசிச்சுக்கிட்டே படகக் கொண்டுபோய்க் கரையில ஏத்துறவன்டா நீ," என்றார், பழையபடி ஸ்ரானனில். கேள்வியை மறுபடி கேட்டார், சின்னக் குழந்தையிடம் கேட்பதுபோல நிறுத்தி நிறுத்தி.

"அத நான் இன்னும் யோசிக்கவே இல்ல," என்றான். வாழ்க்கையில் அவன் சொன்ன மிகச் சிறிய பதில் அதுதான்.

"சரி. யோசிச்சுட்டு அடுத்த ஞாயித்துக்கெழம வா." மகள் பக்கம் திரும்பினார். "சூப் ஆறிப்போச்சு. அவனுக்கு வேற ஊத்து."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சார்மான் ஸ்ரானனில் அசலாக என்ன வார்த்தை போட்டுக் கேட்டிருப்பார் என்று நடுவில் உங்களுக்கு ஒரு நமைச்சல் எடுத்ததா? எடுத்திருந்தால், இதைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். யாரோ உங்களிடம் ஏதோ கேட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கலாம்.